குனியாத வேலை

வரும் திங்கட்கிழமை இந்தத் துணை சுகாதார நிலையத்தின் சாவியை உங்களில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஜோலார்பேட்டைப் பக்கம் மாற்றலாகிப் போகிறேன். எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது, தடுப்பூசிப் பெட்டி எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் அடங்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எட்டு வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பு அது. அந்தத் தப்புக்குப் பிறகும் இந்த ஊர்க்காரர்கள் எனக்குக் கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொல்லிப் பாய் போட்டார்கள். அந்த நன்றி இருப்பதால்தான் கூச்சமில்லாமல் எழுத முடிகிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தப்பு அங்கேயிருந்துதான் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் ஊறும் டிரம்மில் வேலை பார்த்தார். அம்மா ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவு. தோலின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி மடித்து ஒட்டுகிற வேலை. நான் நர்ஸாகி இங்கே சேர்ந்த முதல் நாள், அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. உடம்பைக் காட்ட வந்தவர் என்று நினைத்து ஒரு அம்மா, "இன்னா உடம்புக்கு உனக்கு? காலைலேந்து உக்காந்துகினு கீற?" என்று கேட்டிருக்கிறாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உள்ள கீறவ என் பொண்ணு" என்றாராம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. இன்றும் உண்டு. அதை விட்டுவிடச் சொல்லி உங்களுக்கு உபதேசம் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்தப் பெருமை எனக்கு ஒரு குருட்டு நம்பிக்கையையும் கொடுத்திருந்தது. அம்மா தினமும் தலைவலியோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவள் சேலையிலிருந்து வரும் சொல்யூஷன் வாடையைச் அவள் வாசலில் கால் வைக்கும்போதே கண்டுபிடிப்பேன். அதனால் கெடுதல் என்றாலே அது கம்பெனிக்குள்தான் இருக்கும் என்று மனசில் பதிந்துவிட்டது. இந்த ஊரில் பாதிப் பேர் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். மீதிப் பேர் கத்தரிக்காய், தக்காளி, சாமந்தி என்று நிலத்தில் இருப்பார்கள். கர்ப்பம் பதிய வருகிறவள் கம்பெனிக்காரி என்றால் துருவித் துருவிக் கேட்பேன். பேஸ்டிங்கா, ஸ்டிச்சிங்கா, பேக்கிங்கா? ஜன்னல் பக்கமா, நடுவிலா? நிலத்து வேலைக்குப் போகிறவள் என்றால், "நல்லா சாப்புடு, வெயில்ல நிக்காத" என்பதோடு சரி.

நந்தினி பேஸ்டிங் பிரிவில் இருந்தாள். இருபத்துமூன்று வயது, முதல் பிள்ளை. மூன்றாம் மாதம் பதிய வந்தபோதே அவளிடம் கம்பெனியை விடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அடுத்த மாதமும் சொன்னேன். ஐந்தாம் மாதம் வீட்டுக்கே போய் அவள் மாமியார் முனியம்மாவிடம் சொன்னேன். என் அம்மாவின் தலைவலியைப் பற்றியெல்லாம் சொன்னேன். முனியம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரிம்மா. நாளைலேந்து போகமாட்டா. நம்ம நெலத்துல காத்தோட்டமா இருந்துட்டுப் போவட்டும். ஆனா சும்மா உக்காருன்னா உக்கார மாட்டா இவ. இன்னா வேல செய்யலாம், சொல்லு."

நான் சொன்ன பதில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "குனியற வேல வேணாம். தூக்கற வேல வேணாம். நெழல்ல நின்னு செய்யற மாதிரி லேசா ஏதாவது குடுங்க."

திருப்தியோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண்ணை அந்த வாடையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன் என்று அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் செய்துகூடச் சொன்னேன்.

அந்த வீட்டார் நான் சொன்னதை வரி பிசகாமல் செய்தார்கள். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நம் பேச்சைக் கேட்காதவர்களால் வரும் கஷ்டம் நமக்குப் பழகியது. கேட்டவர்களால் வந்த கஷ்டம் இது. களையெடுப்பது குனியும் வேலை. அதைக் கொடுக்கவில்லை. காய் பறித்துக் கூடை சுமப்பது தூக்கும் வேலை. அதையும் கொடுக்கவில்லை. நந்தினியின் வீட்டுக்காரர் சேட்டு கத்தரிக்கு வாரம் தவறாமல் மருந்து அடிப்பார். பம்புசெட் இருக்கும் மோட்டார் கொட்டாவின் நிழலில் ஒரு நீல ட்ரம் இருக்கும். ட்ரம் இடுப்பு உயரம். அதில் தண்ணீர் விட்டு, பாட்டில் மூடியால் மருந்தை அளந்து ஊற்றி, கலக்கி, சொம்பால் மொண்டு சேட்டு முதுகில் மாட்டும் டேங்கில் ஊற்றித் தர வேண்டும். குனிய வேண்டாம், தூக்க வேண்டாம், நிழல். பெண்ணுக்கு இதைவிட லேசான வேலை அந்த நிலத்தில் இல்லை. முன்பு முனியம்மா செய்துகொண்டிருந்த வேலை அது. மருமகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இவர் களையெடுக்கப் போனார்.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது முனியம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னார். "நீ சொன்ன மாதிரியே நெழல்ல வச்சிருக்கோம்மா. ராணி மாதிரி நிக்கறா."

எனக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது, வராமல் இல்லை. "மருந்து கிருந்து அடிக்கிறியா?" என்று நந்தினியைக் கேட்டேன்.

"பொம்பளைங்க எங்கக்கா அடிப்பாங்க? அது அவரு வேல."

இல்லை என்று குறித்துக்கொண்டேன். அவள் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டவள் நான்.

ஏழாம் மாதம் வயிற்றின் அளவு இருக்க வேண்டியதைவிடக் கம்மியாக இருந்தது. எடையும் ஏறவில்லை. "சில நாள் தல சுத்துதுக்கா, வாயெல்லாம் தண்ணியா ஊறுது" என்றாள். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. ரத்தம் குறைவாக இருக்கும் என்று சத்து மாத்திரையைக் கூட்டினேன். முட்டை சாப்பிடச் சொன்னேன். கேட்டிருந்தால், மருந்து அடிக்கும் நாளும் தலை சுற்றும் நாளும் ஒன்று என்று அவளே சொல்லியிருப்பாள்.

எட்டாம் மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். காலை பதினோரு மணிக்கு சேட்டு போன் செய்தார். "மேடம், நந்தினி வாந்தியா எடுக்குறா. நெலத்துல கீறோம். கொஞ்சம் வர்றீங்களா?" குரலில் பதற்றத்தைவிடக் கூச்சம்தான் ஜாஸ்தி. வாந்திக்கெல்லாம் நர்ஸைக் கூப்பிடுகிறோமே என்ற கூச்சம். ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் போய்விட்டேன்.

கொட்டாவுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. கண்ணில் நீர், வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது. எனக்கு முதலில் வந்த பயம் ரத்தக் கொதிப்பு. எட்டாம் மாதம், வாந்தி, மயக்கம் என்றால் நாம் எல்லோரும் அதைத்தான் நினைப்போம். கருவியைக் கட்டிப் பார்த்தேன். கொதிப்பு இல்லை. ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடியை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எதற்கென்று தெரியாத அறிகுறி எதிரில் இருக்கும்போது, ஒன்று இல்லை என்று தெரிந்ததற்கு நிம்மதிப்பட்டேன்.

பிறகுதான் மருந்து வாடை மூக்கில் ஏறியது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன். நடுக் கறுப்பு ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வலது கையைத் தூக்கினேன். முழங்கை வரை பால் காய்ந்த மாதிரி வெள்ளைத் திட்டு. புடவை இடுப்பிலிருந்து முட்டி வரை நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"இது இன்னா ஈரம்?"

சேட்டு ட்ரம்மைப் பார்த்தார்.

"அவதான் மேடம் கலக்கிக் குடுப்பா. குச்சி ஒடஞ்சி போச்சி, அதான் கையால... மொண்டு ஊத்தும்போது கொஞ்சம் சிந்திச்சி. வெயிலுக்கு ஜில்லுனு கீதுன்னு அப்படியே இருந்துட்டா." என் பக்கம் திரும்பினார். "குனியற வேல வேணாம்னு நீங்க சொன்னீங்க இல்ல? அதான் இத குடுத்தோம்."

குற்றம் சாட்டி அவர் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டதற்குச் சாட்சி சொல்வது போலச் சொன்னார்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, புடவையை உடனே கழற்ற வேண்டும் என்றேன். முனியம்மா தடுத்தார். "இன்னாம்மா சொல்ற? ஆம்பளைங்க நிக்கிற எடத்துல, வாயும் வயிறுமா கீறவள..." அவர் சொல்வதும் நியாயம்தான். பக்கத்து நிலத்திலிருந்து நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆனால் அந்த ஈரம் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. களையெடுக்க வந்த பெண்களைக் கூப்பிட்டேன். நந்தினியை உள்ளே தூக்கிப் போனதும் இரண்டு பேர் கொட்டாவின் வாசலில் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களைத் திரும்பி நிற்கச் சொன்னேன். தொட்டியில் தண்ணீர் இருந்தது. பையில் ஒரே ஒரு ஜோடி கையுறை. மாட்டிக்கொண்டு சேட்டுவின் குளியல் சோப்பால் கழுத்திலிருந்து பாதம் வரை கழுவினேன். முனியம்மா தன் மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், களையெடுக்கும்போது அவர் போட்டுக்கொள்ளும், மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை அது. ஒருத்தி ஓடிப்போய் உலர்ந்த புடவை கொண்டுவந்தாள். நனைந்த புடவையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, தொடவேண்டாம் என்று சொல்லி ஓரமாக வைத்தேன். நந்தினியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தபோது வண்டி வந்துவிட்டது.

இதுவரை சரியாகத்தான் செய்தேன். வண்டிக்குள் ஏறியதும் தவறினேன்.

வண்டியில் வந்த மருத்துவ டெக்னீஷியன் கேட்டார். "இன்னா கேஸ் சிஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் முனியம்மா என் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். காதோரம் சொன்னார். "யம்மா, உன் கால்ல வுழறேன். மருந்துன்னு மட்டும் சொல்லாத. மருந்துன்னாலே குடிச்சிட்டான்னுதான் எழுதுவாங்க. போலீஸ் வரும். நாங்க கொடும பண்ணி குடிக்க வச்சோம்னு அவங்க அம்மா வூட்ல வந்து நிப்பாங்க. அப்புறம் நாங்க ஊர்ல தலகாட்ட முடியாது."

உங்களுக்கும் இது வரும். நம் பக்கத்தில் பூச்சிமருந்து, கர்ப்பிணி, மாமியார் என்ற மூன்று சொற்களும் சேர்ந்தால் ஊர் சொல்லும் கதை ஒன்றே ஒன்றுதான். அவர் பயந்தது வீண் பயம் இல்லை.

"வாந்தி, மயக்கம். எட்டு மாசம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முனியம்மாவுக்காகச் சொன்னேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மருந்து என்று சொன்னால், யார் அந்த வேலையைக் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்ற கேள்வி வரும். நான் குறித்த 'இல்லை' வெளியே வரும். வீட்டில் முதலில் படித்தவள், ஊரே மதிக்கிற நர்ஸம்மா... அந்தப் பெயர் போய்விடும் என்று எனக்கும் பயம். ஆளுக்கொரு பயத்தோடு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நடுவில் நந்தினியும் அவள் வயிற்றில் பிள்ளையும்.

மாதனூர் போனது. நான் பேசவில்லை. நந்தினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச அவளுக்கு மூச்சு இல்லை. பள்ளிகொண்டா நெருங்கும்போது அவள் கன்னத்துச் சதை துடித்தது. பிறகு தோள். அவள் அசைக்காமலே துடித்தது. வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை அசைகிறதா என்று பார்த்தேன். வண்டியின் ஆட்டமா, பிள்ளையின் ஆட்டமா என்று தெரியவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "பூச்சிமருந்து. குடிக்கல. கையால கலக்கியிருக்கா, புடவையெல்லாம் நனைஞ்சி வயித்துல ஊறியிருக்கு. ரெண்டு மணி நேரம் இருக்கும். கழுவிட்டேன்."

டெக்னீஷியன் என்னை ஒரு முறை பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்." அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. போனை எடுத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். தயாராக இருக்கச் சொன்னார். பெயர் தெரியாத அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிடுகிறேன். திட்டுவதற்கு அவருக்கு நியாயம் இருந்தது, நேரமும் இருந்தது. அந்த நேரத்தை நந்தினிக்குக் கொடுத்தார்.

முனியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் அதிகம் இருக்கும். கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மருந்து பேரு?"

எனக்குத் தெரியவில்லை. புடவையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், ட்ரம்மைப் பார்த்தேன். பாட்டிலைப் பார்க்கவில்லை. சேட்டுவோ பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தார்.

"கடைக்காரங்க குடுக்கறது... கத்தரிக்கு அடிக்கிறது..." என்று இழுத்தேன்.

அப்போது முனியம்மா தன் கட்டைப்பைக்குள் கையை விட்டார். உலர்ந்த துணிகளுக்கு அடியிலிருந்து நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. இதுல இன்னா எழுதிகீதோ பாரு. எம் மருமவள காப்பாத்து. போலீஸ் வந்தா நான் பேசிக்கறேன்."

சொல்லாதே என்று வண்டியில் கெஞ்சியவர், அந்தப் பாட்டிலை நிலத்திலேயே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவமானத்துக்குப் பயந்த அதே நேரத்தில் பெண்ணைக் காப்பாற்றவும் வழி தேடியிருக்கிறார். படித்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. இன்றைக்கும் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: மருந்து என்று சந்தேகம் வந்தால் முதலில் டப்பாவை எடுங்கள். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முனியம்மா.

டாக்டர் பெயரைப் படித்துச் சொன்னார். ஊசி மருந்துகள் வந்தன. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நெருங்கினார்கள். நான் அங்கேயே நின்று, கேட்காமலே சொன்னேன். "குனியாத வேல குடுங்கன்னு நான்தான் டாக்டர் சொன்னேன். அதனாலதான்..."

அவர் தலையைத் தூக்கவில்லை. "அத அப்புறம் சொல்லுங்க. இப்ப அந்தம்மாவ வெளிய உக்கார வச்சி தண்ணி குடுங்க. அவங்களும் அந்தப் பாட்டில தொட்டிருக்காங்க. ரெண்டு பேரும் கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, அப்புறமா குடுங்க."

வெளியே குழாயடியில் நின்று நானும் முனியம்மாவும் ஒரே சோப்பில் கை கழுவினோம். "கோச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "இப்ப அதப்பத்தி இன்னா பேச்சு" என்றார். தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வந்தார். வேலை செய்யும்போதா ஆனது என்று கேட்டார். முனியம்மா, "ஆமா சார். கத்தரிக்கு" என்றார். நந்தினி தலையை ஆட்டினாள். எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் அம்மா வீட்டாரும் வந்தார்கள். முதலில் சத்தம் போட்டார்கள்தான். நந்தினி கையைத் தூக்கி, "நானே கலக்கினேன்" என்று சொன்னதும் அடங்கினார்கள்.

மூன்றாம் நாள் வலி வந்தது. பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுகை பூனைக்குட்டி முனகுவது போல இருந்தது. மூச்சு சீராக இல்லை. கைகால் துணி போலத் தொங்கியது. பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த மூன்று வாரம் எப்படி வேலை பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மதியம் வீடுகளுக்குப் போய் முடித்துவிட்டு பஸ் ஏறி வேலூர் போவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை. இந்தப் பக்கம் சேட்டு. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அடிக்கிறவனுக்குத்தான் மேடம் ஆபத்துன்னு நெனச்சேன். அதான் துண்டு கட்டிக்குவேன். எனக்குத்தான் கட்டிக்கிட்டேன்."

டாக்டரிடம் நேராகக் கேட்டேன். குழந்தை இவ்வளவு சின்னதாகப் பிறந்ததற்கு அந்த மூன்று மாதக் கலக்கல்தான் காரணமா? அவர் சொன்ன பதிலை அப்படியே உங்களுக்குத் தருகிறேன், இதைவிட நேர்மையான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. "இதனாலதான்னு இந்த ஒரு கொழந்தைய வச்சி என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா வயித்துல கொழந்தையோட இருக்கறவ கையில இது படவே கூடாது. அதுல எனக்கு சந்தேகம் இல்ல." நீங்களும் பயமுறுத்துவதற்காக அதிகம் சொல்லாதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். அதுவே போதுமான அளவுக்குப் பெரியது.

குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. நந்தினி பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகும். அந்தப் பிரிவில் இருந்த நர்ஸ் ஒருத்தி, ஒரு நாளைக்கு எத்தனை முறை நந்தினியைக் கூப்பிட்டு, குழந்தையை மாரோடு ஒட்டி வைத்து உட்கார வைத்தாளோ தெரியாது. "அவளுக்கு இப்ப அழறதுக்கே தெம்பு இல்ல. நீ அவசரப்பட்டா அவ இன்னா பண்ணுவா? உக்காரு" என்பாள். பதினாறாம் நாள் நான் உள்ளே இருக்கும்போதுதான் நடந்தது. நந்தினி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்கா! இழுக்குறாக்கா! வலிக்குது!"

வலிக்கிறது என்று ஒருத்தி அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. வெளியே வந்து முனியம்மாவிடம் சொன்னேன். அவர் கட்டைப்பையை அங்கேயே விட்டுவிட்டு சேட்டுவைத் தேடிப் போனார்.

அதற்குப் பிறகு என் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். "மருந்து அடிக்கிறியா" என்று நான் கேட்பதில்லை. காலையில் நிலத்துக்குப் போனது முதல் திரும்பியது வரை கை எதிலெல்லாம் பட்டது என்று கதை போலக் கேட்கிறேன். யார் கலக்குகிறார்கள், மருந்து அடித்தவர் துணியை யார் துவைக்கிறார்கள், அடித்த மறுநாள் யார் காய் பறிக்கிறார்கள், காலி டப்பாவில் இப்போது என்ன இருக்கிறது? கேட்கக் கேட்க என் பதிவேட்டில் 'இல்லை' என்றிருந்த எத்தனையோ இடங்கள் மாறின. ஒரு வீட்டில் மருந்து டப்பாவைக் கழுவி அதில் குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் ஊற்றி வைத்திருந்தார்கள். சுத்தமாகக் கழுவியிருக்கிறோம் என்று காட்டினார்கள். லேசான வேலை என்று மொட்டையாக இனி யாருக்கும் சொல்வதில்லை. எந்த வேலை என்று பெயர் சொல்லிச் சொல்கிறேன். அதைப் புருஷன்மாரை உட்கார வைத்துச் சொல்கிறேன்.

அதற்கு எனக்கு உதவியாக இருப்பவர் சேட்டு. மருந்து அடித்த தன் துணியைத் தானே தனி வாளியில் துவைக்கிற முதல் ஆண் இந்த ஊரில் அவர்தான். மோட்டார் தொட்டியருகே பார்த்த ஒருத்தன் கிண்டல் செய்தானாம். "இன்னாடா சேட்டு, வூட்ல பொண்டாட்டி உன்ன தொவைக்க வச்சிட்டாளா?" சேட்டு, "உன் பொண்டாட்டிக்கு இது ஆறாவது மாசம்தான? உன் துணியையும் குடு. நானே ஒரு அலசு அலசிக் குடுக்கறேன்" என்றாராம். அவன் மறுநாளே தன் துணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனதாகக் கேள்வி.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. டாக்டரிடம் சொன்னேன், என் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். நந்தினியிடம் சொல்லவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்தபின் எடை பார்க்க வாரா வாரம் போனேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வாய் எடுப்பேன். எடை கூடியிருக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை எதற்குக் கெடுப்பது என்று வந்துவிடுவேன். பள்ளிகொண்டா வரை பேசாமல் இருந்த அதே வாய்தான்.

வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆன ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தை மூன்று கிலோவைத் தொட்டிருந்தது. முனியம்மா கடைக்குப் போயிருந்தார். நந்தினி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கத் தயாராக இருந்தாள். தூளி காலி, குழந்தை அவள் மடியில். நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"நந்தினி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். குனியாத வேல குடுங்கன்னு உங்க அத்தகிட்ட நான்தான் சொன்னேன். அந்த ட்ரம்முகிட்ட உன்ன நிக்க வச்சது நான்தான். தல சுத்துதுன்னு நீ சொன்னப்பவும் நான் கேக்கல. வண்டியிலயும் கொஞ்ச நேரம் வாய மூடிட்டிருந்தேன்."

அவள் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. எல்லாம் கேட்டுகினுதான இருந்தேன். வாய்தான் பேச முடியல, காது நல்லாதான் கேட்டுச்சி." அடுத்த காலைத் தேய்த்தபடி, "இவ பொறந்ததுலேந்து நீங்க எப்ப சொல்வீங்கன்னு பாத்துகினு கீறேன். வாரா வாரம் வர்றீங்க, தராசு வக்கிறீங்க, போறீங்க. நல்ல ஆளுக்கா நீங்க" என்றாள்.

கோபமா, கிண்டலா என்று அவள் முகத்தில் தேடினேன். இரண்டும் கொஞ்சம் இருந்தது.

"சொல்லலன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லலன்னா அடுத்த வாரம் நான் கேட்டிருப்பேன். கேட்டுட்டு, தடுப்பூசிக்கு உங்ககிட்ட வராம ஆம்பூருக்குப் போயிருப்பேன்." எழுந்தாள். கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு குழந்தையை என் பக்கம் நீட்டினாள். அதுவரை முனியம்மாவையும் சேட்டுவையும் தவிர வேறு யார் கையிலும் அவள் குழந்தையைத் தானாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எடை போடக்கூட அவளேதான் தராசில் கிடத்துவாள்.

"புடிங்க. நான் குளிச்சிட்டு வர்றேன். கழுத்த பாத்து புடிங்க."

கழுத்தைப் பார்த்துப் பிடித்தேன்.